நாற்பத்தைந்தில் உடற்பயிற்சி ஆசிரியரா?



கிள்ளானில் நாற்பத்தைந்து வயதுக் குடும்பத் தலைவர் ஒருவர், "தொழிற்சாலை வேலையை விடுகிறேன், ஜிம்மில் பயிற்சியாளராகப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? "உங்களுக்கென்ன பைத்தியமா?" என்பார் மனைவி. அந்த அம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது, பிள்ளை கல்லூரி வாசலில் நிற்கிறது. அவர் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு நேரான பதில் வேண்டும்.

வயது ஒரு தடையா என்றால், இல்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த எர்னஸ்டின் ஷெப்பர்டு 1936ல் பிறந்தவர். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். தங்கள் உடம்பைப் பார்த்துத் தாங்களே சிரித்துக்கொண்டு, 56 வயதில் அக்காவும் தங்கையுமாக உடற்பயிற்சியைத் தொடங்கினார்கள். இடையில் சகோதரி இறந்துவிட்டார். துக்கத்தில் முடங்கிப்போன எர்னஸ்டின் மீண்டும் எழுந்து, பயிற்சியாளராகி, உடற்கட்டுப் போட்டியிலும் இறங்கினார். உலகின் மிக மூத்த பெண் உடற்கட்டுப் போட்டியாளர் என்று 2010ல் கின்னஸ் அவரைப் பதிவு செய்தது. ஐதராபாத்தில் இல்லத்தரசியாக இருந்த கிரண் டெம்ப்லா, 2013ல் புடாபெஸ்டில் நடந்த உலகப் போட்டி மேடை வரை போனார். இன்று அவர் பெயர் பெற்ற பயிற்சியாளர்.

மேடையும் பதக்கமும் இருக்கட்டும். இங்கே பிழைப்பு நடக்குமா? அதுதானே கேள்வி.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே இதில் முன்வரிசையில் நிற்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் வாழை இலைக் கடையில் உட்கார்ந்து பார்த்தாலே காரணம் புரியும்; சோறு இரண்டாம் தடவை வரும்போது யாரும் கையை மறைப்பதில்லை! உட்கார்ந்தே பார்க்கும் வேலை, அதன்மேல் தே தாரிக்.

இந்த மக்கள், இருபத்திரண்டு வயதுக் கட்டுடல் இளைஞனிடம் போகக் கூச்சப்படுகிறார்கள். முட்டி வலி என்றால் என்னவென்று தெரிந்த, "அண்ணே, இன்றைக்கு இது போதும்" என்று சொல்லத் தெரிந்த ஒருவரிடம் போவார்கள். நடுவயதுக்காரருக்குள்ள உண்மையான மூலதனம் இதுதான்.

ஆனால் அனுதாபம் மட்டும் போதாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர் பயிற்சி செய்யும்போது சர்க்கரை திடீரென இறங்கலாம். நெஞ்சு இறுகுகிறது என்பவரை "இன்னும் பத்து" என்று விரட்டினால் உயிர் போகும். எதைத் தொடுவது, எப்போது நிறுத்துவது, யாரை மருத்துவரிடம் அனுப்புவது என்பது படித்துத்தான் வரும். தேசிய விளையாட்டுக் கழகத்தின் கீழ் விளையாட்டு அறிவியல் வகுப்புகள் நடக்கின்றன. அமெரிக்க உடற்பயிற்சி மன்றத்தின் சான்றிதழ் வேண்டுமென்றால் இதய இயக்க மீட்பு முதலுதவியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். முகநூலில் படம் போடுவதால் யாரும் பயிற்சியாளர் ஆகிவிடுவதில்லை.

அடுத்தது பணம். வாடிக்கையாளர் வேலைக்குப் போவதற்கு முன் வருவார், வேலை முடிந்து வருவார். ஆகவே விடியற்காலையிலும் இரவிலும் உழைப்பு, நடுப்பகலில் சும்மா. குடும்பம் சேர்ந்து சாப்பிடும் நேரத்தில் இவர் யாரோ ஒருவருக்கு எடை தூக்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார். மனைவி சம்மதிக்க வேண்டியது முக்கியமாக இதற்குத்தான். நோன்பு மாதத்திலும் தீபாவளி வாரத்திலும் ஆட்கள் குறைவார்கள். தனியாகத் தொழில் செய்பவருக்கு முதலாளி பங்குச் சேமநிதி கிடையாது. அடிபட்டால் சம்பளம் இல்லை. சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டத்தில் சேர முடியுமா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கூடமே கைவிடும் நாளும் உண்டு. 2017 ஜூனில் ட்ரூ ஃபிட்னஸ் மலேசியாவில் தன் கிளைகளை மூடியது. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எல்லாக் கூடங்களுக்கும் பூட்டு. அப்போது தாக்குப் பிடித்தவர்கள் யார்? கையில் சில மாதச் செலவுக்குப் பணமும், தங்களைப் பெயர் சொல்லித் தேடும் வாடிக்கையாளர்களும் வைத்திருந்தவர்கள்.

சேமநிதியை எடுத்து இயந்திரம் வாங்கிக் கடை திறக்கும் எண்ணம் மட்டும் ஆபத்தானது. 2024 மே மாதம் நெகிழ்வுக் கணக்கு வந்தபின் எடுப்பது எளிதாகிவிட்டது, போட்டு வைப்பதுதான் எளிதாகவில்லை. இரும்புச் சாமான் ஒரே வருடத்தில் பாதி விலைக்குப் போகும்.

ஆகவே அந்தக் கிள்ளான் அண்ணன் வேலையை இன்றே விட வேண்டாம். வேலையிலிருந்தபடியே படிக்கட்டும். வாரம் இரண்டு மாலை, குடியிருப்புப் பகுதியின் திடலில் நாலைந்து பேருக்குக் கற்றுக்கொடுக்கட்டும். ஓராண்டுக் கணக்கை மனைவியிடமே எழுதச் சொல்லட்டும். காசு கொடுத்து வந்தவர் எத்தனை பேர், ஆறு மாதம் கழித்தும் நிற்பவர் எத்தனை பேர் என்று அந்த நோட்டுப் புத்தகத்தில் தெரிந்துவிடும். விலகல் கடிதம் அதற்குப் பிறகு எழுதலாம்.