பதிவு போட்டால் போதுமா?

தையல் கடை, எலக்ட்ரீஷியன் வேலை, மகளிர் சுய உதவிக் குழு என்று தொழில் நடத்தும் உங்களிடம் ஒரு கேள்வி. சமூக ஊடகத்தில் கடைசியாக எப்போ பதிவு போட்டீங்க என்று கேட்கப் போவதில்லை. கடைசியாக வந்த விசாரிப்புக்கு எப்போ பதில் சொன்னீங்க?

"ரேட் என்ன?" என்று ஒருவர் கேட்கிறார். இரண்டு நாளாகப் பதில் இல்லை. அவர் அடுத்த கடைக்குப் போயிடுவார். நாம் போட்ட அழகான படமெல்லாம் வீண்தானே?

2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் முகவரி, வேலை நேரம் கொடுங்க. கேட்டலாக் பகுதியில் பொருளின் படம், விலை சேருங்க. நீங்கள் வேலையாக இருக்கும்போது தானாகவே பதில் போகவும் அதில் வழி இருக்கு. இன்ஸ்டாகிராமில் உங்கள் கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றினால், எந்தப் பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியும். அதை வைத்து அடுத்த பதிவைத் தீர்மானிக்கலாம்.

இன்னொன்று. பல வருஷம் சேர்த்த வாடிக்கையாளர்களை ஒரே ஒரு ஓடிபி பறித்துவிடும். வாட்ஸ்அப் அனுப்பும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீங்க. செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய், இரண்டு படி சரிபார்ப்பை ஆன் செய்யுங்க. உங்கள் பெயரைச் சொல்லி யாராவது வாடிக்கையாளரிடம் பணம் பறித்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்க.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, பதில் சொல்லாமல் கிடக்கும் ஒரு செய்தியைத் திறந்து பதில் போடுங்க.