கல் பட்ட காருக்கு வைத்தியம்

கல் ஏற்றிய லாரிக்குப் பின்னால் நெருங்கிச் செல்கிறோம். தெறித்த சிறு கல்லொன்று என்ஜின் மூடியின் சாயத்தைப் பெயர்த்துவிடுகிறது. கடுகளவு காயந்தானே என்று இருந்துவிடுகிறோம். மலேசியாவின் மழையும் ஈரக்காற்றும் சும்மா இருப்பதில்லை. வெளியே தெரியும் இரும்பில் துரு பிடித்து, சாயத்தின் அடியிலேயே பரவிவிடும். பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக்; அதற்கு அவசரமில்லை. என்ஜின் மூடிக்கும் முன்கண்ணாடிக்கு மேலுள்ள கூரை விளிம்புக்குந்தான் அவசரம்.

காயத்தைக் கழுவி நன்கு உலர்த்துவோம். துருவிருந்தால், இரும்பு பளபளக்கும்வரை மெல்லிய உப்புத்தாளால் தேய்ப்போம். துருவின்மேல் சாயம் பூசுவது காசுக்குக் கேடு. பின்பு பிரைமர் தடவிக் காயவிடுவோம். காரின் தகட்டிலுள்ள நிற எண்ணைச் சொல்லி வாங்கிய சாயத்தைச் சிறு தூரிகையால் மெல்லியதாக இரண்டு மூன்று முறை வைப்போம். ஒரேயடியாக அப்பினால் வழியும். துரு தகட்டையே துளைத்திருந்தால் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.