இரைப்பையைச் சுருக்கியாச்சு, மனசுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்க

(எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் கலந்துகொண்ட சந்திப்பில், மனநல ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருப்பவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். சிலருக்கு ஒரு வருடம் தாண்டியிருக்கும். கூடவே கணவர், மனைவி, அம்மா, அண்ணன் என்று துணைக்கு வந்தவர்களும் இருக்கிறீர்கள். எப்படிச் சாப்பிட வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும் என்று டாக்டரும் உணவியல் நிபுணரும் சொல்லியிருப்பார்கள். நான் பேச வந்தது வேறு விஷயம். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, எடையும் குறையுது, ஆனா எனக்கு ஏன் அழுகையா வருது?" இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு, மனசுக்குள் வைத்திருப்பவர்கள் அதிகம்.

ஏன் கேட்பதில்லை? வெட்கம்தான் காரணம். "இவ்வளவு செலவு பண்ணி, எல்லாரையும் அலைய வச்சு, இப்ப போய் மனசு சரியில்லைன்னு எப்படிச் சொல்றது?" என்று நினைக்கிறார்கள். முதலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிகிச்சைக்குப் பிறகு வருத்தம் வருவது நன்றி கெட்டதனம் கிடையாது. அது பலருக்கும் வருவது. வருவதற்குக் காரணமும் இருக்கிறது.

முதல் சில வாரங்கள்

'ஸ்லீவ்' என்று சொல்லும் அறுவை சிகிச்சையில் இரைப்பையின் பெரும்பகுதியை, ஏறத்தாழ முக்கால் பங்கை, எடுத்துவிடுகிறார்கள். பைபாஸ் முறையில் சின்னதாக ஒரு பை அமைத்து, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி உணவு போகும்படி இணைக்கிறார்கள். அதன் பிறகு முதலில் தண்ணீர் போன்ற ஆகாரம், பிறகு கெட்டியான திரவம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது என்று படிப்படியாகப் பழைய சாப்பாட்டுக்கு வர ஒன்றிரண்டு மாதம் ஆகிவிடும்.

வலி, தூக்கக் குறைவு, களைப்பு, வெறும் மோரும் சூப்பும். இந்த நிலைமையில் "ஏன்தான் இதைப் பண்ணிக்கிட்டோமோ" என்று தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம். பெரும்பாலானவர்களுக்கு உடம்பு தேறத் தேற இந்த எண்ணமும் தணிந்துவிடும்.

நம் வீடுகளில் இன்னொரு கஷ்டமும் உண்டு. சிகிச்சை செய்துகொண்டது அந்த வீட்டின் பெண் என்றால், இரண்டு மூன்று வாரத்திலேயே அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறார். தான் குடிப்பது அரை டம்ளர் பருப்புத் தண்ணீர். மற்றவர்களுக்குச் செய்வதோ மட்டன் குழம்பு. தாளிக்கும் வாசனைக்கு நடுவே நின்றுகொண்டு, உப்புப் பார்க்கக்கூட முடியாமல் சமைப்பது எவ்வளவு பெரிய சோதனை! வீட்டுக்காரர்களே, இந்த முதல் மாதம் சமையலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் எளிமையான சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறுதல் வார்த்தை நூறு சொல்வதைவிட இது பெரிய உதவி.

பசி குறையும், ஆசை குறையாது

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவ் சிகிச்சையில் அந்தப் பகுதி போய்விடுவதால் பசி நன்றாகவே குறைகிறது. ஆனால் நாம் பசிக்காக மட்டுமா சாப்பிட்டோம்? ஆபீஸில் மேலதிகாரி திட்டினால் பஜ்ஜி. வீட்டில் சண்டை என்றால் பிரியாணி. தனியாக இருக்கும் இரவில் மிக்சர் பாக்கெட். பல வருடமாகச் சாப்பாடு நமக்குக் கூட்டாளியாக இருந்தது. ஒரே நாளில் அந்தக் கூட்டாளி போய்விட்டான். கவலை மட்டும் அப்படியே இருக்கிறது.

சாப்பாட்டை நினைத்து ஏங்குவதும் ஒரு துக்கம்தான். அதைக் கேலி பண்ணாதீர்கள். அந்தக் கவலையை இறக்கி வைக்க வேறு இடம் தேட வேண்டும். மாலையில் ஒருவரோடு நடப்பது, தினமும் ஒரு தோழிக்குப் போன் செய்வது, அன்றைய மனநிலையை நோட்டில் நாலு வரி எழுதுவது என்று எதுவாகவும் இருக்கலாம். சிகிச்சைக்கு முன்பே மன அழுத்தத்தில் நிறையச் சாப்பிடும் பழக்கம் இருந்திருந்தால், அதைத் தவறாமல் ஆலோசகரிடம் சொல்லுங்கள். கத்தி அந்தப் பழக்கத்தை வெட்டி எடுப்பதில்லை.

ஊர் வாய்

மூன்றாவது மாதம் வாக்கில் முடி கொட்ட ஆரம்பிக்கும். சட்டென்று எடை குறைவதால் வருவது அது. பெரும்பாலும் தற்காலிகம்தான், புரதமும் சத்து மாத்திரைகளும் சரியாக எடுத்தால் சில மாதங்களில் திரும்ப வளரும். தோல் தொங்கும். கண்ணாடியில் தெரியும் முகம் புதிதாக இருக்கும். சிலருக்கு எடை குறைந்த பிறகும் தான் இன்னும் குண்டாகவே இருப்பதாகத் தோன்றும், கடைக்குப் போனால் பழைய அளவுத் துணியைத்தான் கை எடுக்கும். மனசு உடம்பைத் தொடர்ந்து வந்து சேரக் கொஞ்சம் காலம் பிடிக்கும்.

இந்த நேரம் பார்த்துத்தான் கல்யாண வீட்டில் கேட்பார்கள்: "என்ன இப்படி இளைச்சுட்டே, சுகரா?" தெரிந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "கஷ்டப்படாம குறுக்கு வழியில குறைச்சுட்டே" என்பார்கள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு ஸ்பூன் பாயசம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்பார்கள். ஆகும்! முக்கியமாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் வரலாம்.

எல்லாருக்கும் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. "டாக்டர் சொன்னபடி சாப்பிடறேன், நல்லா இருக்கேன்" என்ற ஒரு வரி போதும். பக்கத்தில் இருக்கும் கணவரோ மகனோ அந்த வரியை உங்களுக்கு முன்பே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

இளம் பெண்களுக்கு இன்னொரு கேள்வியும் வரும்: "எடைதான் குறைஞ்சுடுச்சே, குழந்தை எப்போ?" சிகிச்சைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப் போடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்வது கணவரின் வேலை. அந்தப் பாரத்தையும் அவள் தலையில் வைக்காதீர்கள்.

எடை நிற்கும்போது

முதல் ஆறு மாதம் வேகமாக இறங்கும் எடை, பிறகு மெதுவாகும். நடுவில் சில வாரம் அசையாமல் நிற்கும். இரண்டு வருடத்துக்குப் பிறகு பலருக்குக் கொஞ்சம் கூடவும் செய்யும். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு, டாக்டரைப் பார்க்கப் போவதையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. "திட்டுவாங்களோ" என்ற பயம். அப்போதுதான் கட்டாயம் போக வேண்டும். தினமும் எடை பார்க்காதீர்கள், வாரம் ஒரு முறை போதும். வாட்ஸ்அப் குழுவில் அடுத்தவர் எத்தனை கிலோ குறைந்தார் என்று ஒப்பிடாதீர்கள். குழுவில் ஆறுதல் தேடலாம், மருந்து தேடக் கூடாது.

இவற்றைத் தள்ளிப் போடாதீர்கள்

சில விஷயங்களில் பொறுமை கூடாது.

வாந்தி நிற்காமல் இருந்து, கூடவே குழப்பம், நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது என்று வந்தால் அதை மனப்பிரச்சினை என்று விட்டுவிடாதீர்கள். வைட்டமின் பி1 குறைவாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதேபோல் பி12, இரும்புச் சத்து குறைந்தாலும் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரும். சத்து மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர்கள், சிகிச்சைக்குப் பிறகு அந்த மருத்துவரை மறுபடி பாருங்கள். சில மாத்திரைகள் உடம்பில் சேரும் அளவு மாறலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மது விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கொஞ்சம் குடித்தாலும் வேகமாக இரத்தத்தில் ஏறும். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலைக் குடியில் தேடி, இரண்டாவது வருடத்தில் அதற்கு அடிமையாகிறவர்களும் உண்டு.

கடைசியாக, சொல்ல எனக்கே கனமான ஒன்று. பைபாஸ் செய்தவர்களில் சிலருக்குத் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமில்லாமல் இருந்தால் உதவி கேளுங்கள். "இருந்து என்ன பண்ணப் போறேன்" என்ற வார்த்தை வாயில் வந்தாலோ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பேசுங்கள். வீட்டில் உள்ளவர்கள் அவரைத் தனியாக விடாதீர்கள்.

யாரிடம் பேசுவது?

உங்கள் போனை எடுங்கள். 14416 என்ற எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவை இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். 104 மருத்துவ உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். சென்னை சினேகா அமைப்பின் எண் 044-24640050. உயிருக்கு ஆபத்து என்றால் 108.

நேரில் பேச விரும்பினால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியூர் போக முடியாதவர்கள் இ-சஞ்சீவனி செயலி மூலம் போனிலேயே டாக்டரிடம் ஆலோசனை பெறலாம்.

"யாராவது தெரிஞ்சுக்குவாங்களோ" என்று பயப்பட வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைக்க உரிமை தருகிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

போன் செய்தால் என்ன பேசுவது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வாக்கியம் தருகிறேன்: "எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகி இத்தனை மாதம் ஆச்சு, மனசு சரியில்லை." அவ்வளவுதான். மிச்சத்தை அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

போவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடக் கூடிய ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: "நான் போன் பண்ணினா புத்தி சொல்ல வேணாம், கொஞ்ச நேரம் கேட்டா போதும்." மாத்திரைக்கு அலாரம் வைக்கிறோம் இல்லையா, அதேபோல் வாரத்தில் ஒரு நாள் அவரோடு பேசவும் அலாரம் வையுங்கள்.

இப்போது கேள்வி நேரம். எல்லார் முன்னாலும் கேட்கத் தயங்குகிறவர்கள் கூட்டம் முடிந்த பிறகு வாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.