கேமரன் மலையில் வீடும் நிலமும்



வெளிநாட்டார் வீடு வாங்குவதால் உள்ளூர் மக்களுக்கு வீடு எட்டாக்கனியாகிறதா என்பதை ஆராயக் கூடியிருக்கிறோம். அதைக் கேமரன் மலையில் பேசுவது பொருத்தம்தான். இங்கே பங்களா என்று எழுந்தவை தொடக்கத்தில் பெரும்பாலும் வெளிநாட்டார் வீடுகளே. வில்லியம் கேமரன் 1885இல் அளந்துவிட்டுப் போன மேட்டுநிலம், 1920களில்தான் வெள்ளையர் இளைப்பாறும் மலைவாசத்தலமாகத் திட்டமிடப்பட்டது. 1929இல் ஜே. ஏ. ரஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து சாலை ஏறிவந்தது; சாலையோடு பங்களாக்களும் வந்தன. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் எழுந்தன, அவற்றில் தமிழர் குடியேறினர். இவர்களுக்கெல்லாம் முன்பே இங்கு வாழ்ந்த செமாய் மக்களுக்கு, 1954ஆம் ஆண்டின் பூர்வகுடி மக்கள் சட்டம்கூடத் தாங்கள் வாழும் மண்ணுக்குப் பட்டா தரவில்லை. வீட்டு விலையைப் பற்றிய எந்த விவாதத்திலும் இந்த வரிசையை நாம் மறந்துவிடக்கூடாது.

இன்றைய குற்றச்சாட்டு எளிமையானது. ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டம் 2002இல் வந்தது. குளிர்ச்சியை நாடிவந்த ஜப்பானிய முதியோருக்குத் தானா ராத்தாவும் பிரிஞ்சாங்கும் பிடித்துப்போயின. 2024இல் திருத்தப்பட்ட விதிகளோ அத்திட்டத்தில் சேர்பவர் வீடு வாங்கியே ஆகவேண்டும், பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது என்கின்றன. ஆகவே பணம் படைத்த அந்நியர் வாங்குகிறார், தோட்டத்துப் பிள்ளைக்கு வீடு கிடைப்பதில்லை என்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வெளிநாட்டார் வாங்கும் வீட்டுக்கு 2014இல் கூட்டரசு வகுத்த குறைந்தபட்ச விலை 10 லட்சம் ரிங்கிட். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட், ஆண்டுக்கு 20,400. தோட்டத் தொழிலாளி ஒருவர் ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் அந்த வீட்டுக்கு 49 ஆண்டுகள் ஆகும். அந்த வீட்டை அவர் யாரிடமும் பறிகொடுக்கவில்லை. அந்தச் சந்தைக்குள் அவர் நுழைந்ததே இல்லை. ஜப்பானிய முதியோரிலும் பலர் சில மாதங்கள் வாடகைக்குத் தங்கிவிட்டுப் போகிறவர்கள்.

அப்படியானால் தோட்டத் தொழிலாளியை வெளியே நிறுத்துவது எது? நம் சொந்த வரலாறே பதில் சொல்கிறது. 1950களில் பிரிட்டிஷ் முதலாளிகள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் வணிகர்கள். தோட்டங்களைக் கூறு போட்டு விற்றார்கள். வேலையோடு வீட்டையும் இழந்து குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளரின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். நம் சமூகத்தின் பெருமைமிக்க முயற்சி அது. ஆனாலும் பங்குச் சான்றிதழ் லாப ஈவைத் தரும். ஓய்வுபெற்ற பின் ஒதுங்க ஒரு கூரையைத் தானாகத் தந்துவிடாது. இந்த வேறுபாட்டை நாம் போதிய அளவு பேசியதில்லை. பிறகு 1990களில் பெராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா ஆனது. அங்கிருந்த குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் பெயர்க்கப்பட்டன. அங்கே வெளிநாட்டு வாங்குநர் ஒருவரும் இல்லை. நிலத்தை எடுத்தது நம் நாட்டின் நிர்வாகத் தலைநகரம். யார் வாங்கினாலும் தோட்டத்து மனிதரே வெளியேறுகிறார் என்றால், குறையை வாங்குபவரின் கடப்பிதழில் தேடுவதில் பயனில்லை. வீடு வேலையோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. வேலை போனால் வீடும் போகிறது. குறை அந்த முடிச்சில் இருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உயர்விலை வீடு தனிச் சந்தையாக இருக்கலாம், ஆனால் கட்டுமான நிலம் ஒன்றுதானே. மேலே விலை ஏறினால் கீழேயும் ஏறாதா? ஏறும். 712 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மாவட்டத்தில் காடும் செங்குத்துச் சரிவும் போகக் கட்டுவதற்கு மிஞ்சும் நிலம் சொற்பம். அதில் விடுமுறை அடுக்குமாடி எழுந்தால் மலிவு விலை வீட்டுக்கு இடமிராது. இந்த அளவுக்கு மறுப்பை ஏற்கிறேன். ஆனால் அந்த அடுக்குமாடிகளில் 10 லட்சத்துக்குக் கீழே விலைபோகும் வீடுகளை வாங்கி, வார இறுதிக்கு ஆள் பிடித்து வாடகைக்கு விடுகிறவர்கள் நம் சமவெளி நகரத்தாரே. வெளிநாட்டார் மீதான எந்தத் தடையும் அவர்களைத் தொடாது. வான்கூவரில் 2016இல் தனி வரி போட்டார்கள், நியூசிலாந்து 2018இல் பெரும்பாலும் தடையே விதித்தது, சிங்கப்பூர் 2023இல் கூடுதல் முத்திரை வரியை 60 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. அங்கெல்லாம் உள்ளூர்ச் சம்பளக்காரரும் வெளிநாட்டாரும் ஒரே வீட்டுக்கு விலை கேட்க வாய்ப்பிருந்தது. இங்கே அந்த வாய்ப்பே இல்லை.

தோட்டம் இலவசமாகவே வீடு தருகிறதே, பிறகென்ன குறை என்று நிர்வாகங்கள் கேட்கும். 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டத்தால் குடியிருப்புகள் மேம்பட்டது உண்மை. ஆனால் அச்சட்டம் குடியிருப்பின் தரத்தைப் பற்றியது. உடைமையைப் பற்றியது அன்று. அறுபது வயதில் ஓய்வுபெறும் ஒருவர், வாழ்நாளெல்லாம் வாடகை தராமல் இருந்ததாலேயே, வீட்டுக்கடன் கட்டிய வரலாறோ அடகு வைக்க மனையோ இல்லாமல் வெளியே வருகிறார். இலவச வீட்டுக்கு அவர் கொடுக்கும் விலை கடைசியில்தான் தெரிகிறது. ‘தோட்டங்களில் இப்போது தமிழர் எத்தனை பேர், வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும்தானே கொழுந்து எடுக்கிறார்கள்’ என்றும் சொல்லப்படும். அதுவும் என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. வங்கியில் வைப்புத்தொகை காட்டும் அந்நியருக்கு வீடு வாங்குவது நிபந்தனை. வேலை அனுமதியோடு வரும் அந்நியருக்குத் தோட்ட விடுதிக் கட்டில் மட்டும். லயத்தின் நிலை மாறவில்லை, அதில் படுப்பவர் மாறியிருக்கிறார்.

இனி வரியின் பக்கம். 2024 சனவரியில், வெளிநாட்டார் சொத்து வாங்கினால் 4 விழுக்காடு முத்திரை வரி என்று கூட்டரசு விதித்தது. 10 லட்சம் ரிங்கிட் வீட்டுக்கு அது அப்போது 40,000. 1998இல் மலிவு விலை வீட்டுக்கு அரசே வகுத்த உச்ச விலை 42,000 ரிங்கிட் என்பதை நினைத்துப் பாருங்கள்! ஆனால் முத்திரை வரி போவது கூட்டரசுக் கருவூலத்துக்கு. நிலமோ மாநிலத்தின் அதிகாரம். வெளிநாட்டாருக்கு நிலம் கைமாற ஒப்புதல் தருவதும், தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 433பி பிரிவின்படி, மாநில அரசே. வரி வாங்கும் கையும் மனை தரும் கையும் வேறு வேறாக இருக்கும்வரை, வரியை எவ்வளவு ஏற்றினாலும் ரிங்லெட்டிலோ ஹாபுவிலோ ஒரு வீடு கூடுதலாக எழாது. நம் ஆய்வுகள் வரி விகிதத்தையே சுற்றிவருவது எனக்குச் சற்று வியப்பளிக்கிறது.

நான் முன்வைப்பது இது: தோட்ட எல்லைக்குள் ஏற்கெனவே லயங்கள் நிற்கும் இடங்களில், சரிவு ஆய்வுக்குப் பின், நீண்டகாலம் உழைத்தவர்களுக்குத் தனி மனைப்பட்டா. மலையைப் புதிதாக வெட்டச் சொல்லவில்லை. 2013இல் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோன பிறகு அப்படிக் கேட்பது பொறுப்பாகாது. பட்டா கொடுத்தால் நாளைக்கே விடுமுறை விடுதிக்காரரிடம் விற்றுவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. இரண்டாவது இல்லம் வாங்கும் வெளிநாட்டாருக்குப் பத்தாண்டு விற்பனைத் தடை விதிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அதே நிபந்தனையை இந்தப் பட்டாவிலும் எழுதத் தெரியும். பத்தாண்டு கழித்து விற்க நினைப்பவர் முதலில் இம்மாவட்டத்தில் வசிப்போருக்கே விற்கவேண்டும் என்றும் எழுதலாம். எத்தனை ஆண்டு உழைப்பை நீண்டகாலம் என்று கொள்வது, கணவர் இறந்தபின் பட்டா மனைவி பெயருக்கு எப்படி மாறுவது, வேறு தோட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவரை எப்படிக் கணக்கிடுவது ஆகிய மூன்றுக்கும் என்னிடம் முடிந்த விடை இல்லை. முதல் அமர்வு அவற்றிலிருந்து தொடங்கட்டும்.