பொலிஸ் நிலையத்திலும் உங்களுக்காகச் சட்டத்தரணி பேசலாம்
(மீள்குடியேறிய தோட்டக் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



வீடு, காணி உறுதி, குடிநீர் பற்றி ஏற்கெனவே பேசியிருக்கிறோம். இன்று பேசப்போவது, உங்கள் வீட்டில் ஒருவரைப் பொலிஸார் கூட்டிச் சென்றால் என்ன செய்வது என்பதைப் பற்றி.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களோடு மக்களின் ஆவணங்களும் புதைந்தன. அடையாள அட்டை இல்லாதவர் பொலிஸாரிடம் தன்னை யாரென்று நிரூபிக்கவே சிரமப்படுவார். எனவே ஆவணம் இழந்தவர்கள் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போய், மறுபிரதிக்கு விண்ணப்பியுங்கள்.

நம் பிள்ளைகள் பலர் கொழும்புக்கு வேலைக்குப் போகிறார்கள். 2023 மே மாதம், பதுளையைச் சேர்ந்த ஒரு தாய், வேலை செய்த வீட்டில் நகை திருடியதாக முறைப்பாடு செய்யப்பட்டு, வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இருந்தபோது உயிரிழந்தார். கைதுக்குப் பிந்திய முதல் சில மணித்தியாலங்கள் எவ்வளவு ஆபத்தானவை என்பதை அந்த மரணம் நமக்குக் காட்டியது. அந்த நேரத்தில்தான் சட்டத்தரணி தேவை.

சட்டம் என்ன சொல்கிறது? கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கூறுகிறது. சாதாரணக் குற்றச்சாட்டு என்றால், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். சட்டத்தரணி ஒருவர் தன் கட்சிக்காரருக்காகப் பொலிஸ் நிலையத்தில் தோன்றலாம், பொறுப்பதிகாரி அதற்கு இடமளிக்க வேண்டும் என்று 2012இல் வர்த்தமானியில் விதிகள் வெளியாயின. முதல் வாக்குமூலம் எடுத்து முடிந்த பிறகே சட்டத்தரணியைச் சந்திக்கலாம் என்ற சட்டமூலம் 2016இல் வந்தபோது சட்டத்தரணிகள் சங்கமும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் எதிர்த்தன. காரணம் எளிது: அச்சத்தில் சொல்லும் முதல் வார்த்தைதான் பின்னர் வழக்கையே நடத்துகிறது.

ஆகவே, வீட்டிலிருப்பவர்கள் இவற்றைச் செய்யுங்கள்.

முதலாவது, எந்தப் பொலிஸ் நிலையம், எத்தனை மணிக்கு, என்ன காரணம் என்று கேட்டு எழுதி வையுங்கள். 24 மணித்தியாலக் கணக்குக்கு அந்த நேரம் தேவை.

இரண்டாவது, சட்டத்தரணியைத் தேடுங்கள். பணம் இல்லையே என்று கைகட்டி நிற்க வேண்டாம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு, வசதி குறைந்தவர்களுக்காகவே இயங்குகிறது. பதுளையிலும் அதற்கு நிலையம் உண்டு. தோட்டத் தலைவரையோ பெரியவர் ஒருவரையோ துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, பிடிபட்டவருக்குச் சொல்லுங்கள்: விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். வாக்குமூலத்தை அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டவோ மொழிபெயர்த்துச் சொல்லவோ வேண்டும். பிழை இருந்தால் திருத்தச் சொல்லலாம். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

நான்காவது, அடித்தாலோ, பார்க்க விடாவிட்டாலோ, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். ஆணைக்குழு அமைக்கப்பட்ட சட்டமும் 1996ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதனால் ஞாபகம் வைப்பது சுலபம்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது என்றால் 24 மணித்தியால வரையறை பொருந்தாது. அப்போது ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஆணைக்குழுவுக்கு அறிவியுங்கள்.

நீதவான் முன் நிறுத்தும்போது, காயம் இருந்தால் அங்கேயே வாய் திறந்து சொல்ல வேண்டும். அடிப்படை உரிமை மீறப்பட்டிருந்தால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

சட்டத்தரணியைக் கூப்பிடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது; பொலிஸாரை எதிர்ப்பதுமாகாது. குற்றம் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் சட்டம் தந்த உரிமை அது. இன்றே ஒரு தாளில் 1996 என்ற இலக்கத்தையும் உங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரின் இலக்கத்தையும் எழுதிக் கதவின் பின்னால் ஒட்டுங்கள். வேலைக்கு வெளியூர் போகும் பிள்ளையின் பையிலும் ஒரு பிரதி வையுங்கள்.