எல்லண்ட் ரோடு வாசலில் நின்றவர்கள்

கால்பந்தாட்டத்தில் நிறத்துவேஷத்தை எதிர்த்து முதன்முதலில் கிளம்பியவை பெரிய சங்கங்கள்தாமே என்று நேயர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவர்மீது குற்றமில்லை. இங்கிலாந்தில் 1993-ல் இன சமத்துவ ஆணையமும் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து தொடங்கிய இயக்கம், பிற்பாடு ‘கிக் இட் அவுட்’ என்ற பெயரால் உலகப் பிரசித்தி அடைந்துவிட்டபடியால், அதற்கு முந்தைய சரித்திரம் பலருடைய ஞாபகத்தில் இல்லாமற் போயிற்று.

கறுப்பின ஆட்டக்காரர் பந்தைத் தொட்டதும் குரங்கைப்போல ஊளையிடுவதும், வாழைப்பழத்தை விட்டெறிவதும் எழுபது, எண்பதுகளில் நடந்த அநாகரிகங்கள் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை விஸ்தரிக்க எனக்கு விருப்பமில்லை. நான் சொல்ல வந்தது லீட்ஸ் நகரத்து விருத்தாந்தம்.

லீட்ஸ் யுனைடெட் கழகத்தின் எல்லண்ட் ரோடு மைதானத்து வாசலிலே, தேசிய முன்னணி என்னும் வெள்ளை இனவெறிக் கட்சியார் தங்கள் பத்திரிகையைப் பகிரங்கமாக விற்று, ஆட்டம் பார்க்க வந்த வாலிபர்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இதே கழகத்தின் சட்டையை அணிந்துதான் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆல்பர்ட் யோஹான்னசன் 1965-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் ஆடினார் என்பது அவர்கள் நெஞ்சை உறுத்தவில்லை போலும்! இந்தக் கேவலத்தைச் சகித்துக்கொண்டு போக மனமில்லாத ரசிகர்கள் சிலர், எந்த மகாசபையின் உத்தரவுக்கும் காத்திராமல், 1987-ல் இனவெறிக்கும் பாசிசத்துக்கும் எதிராகத் தாங்களே ஒரு சங்கம் கண்டு, அதே வாசலில் துண்டுப் பிரசுரங்களுடன் நின்றார்கள். ‘மார்ச்சிங் ஆல்டுகெதர்’ என்ற சிறு பத்திரிகையை அச்சிட்டு இலவசமாக வழங்கினார்கள். எதிராளி காசுக்கு விற்ற விஷத்துக்கு இவர்கள் காசில்லாமல் மருந்து கொடுத்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. அந்நகரத்துத் தொழிற்சங்கத்தாரும் பாசிச எதிர்ப்பாளரும் சேர்ந்து, மைதானத்தில் இனவெறியர் வேரூன்றியிருந்த விதத்தை ஓர் அறிக்கையாக எழுதி வெளியிட்டார்கள். அதன் பிறகே கழகம் வாய் திறந்து, நிர்வாகிகளும் ஆட்டக்காரர்களும் கையொப்பமிட்ட கண்டனத்தை வெளியிட்டது.

சட்டம் வந்த அழகையும் சொல்லிவிடுகிறேன். இனவெறிக் கோஷத்தைக் குற்றமாக்கிய 1991-ஆம் வருஷத்துச் சட்டம், ஒருவனோடு இன்னொருவனாவது சேர்ந்து கோஷமிட்டால்தான் செல்லும் என்றிருந்தது. தனி ஒருவன் தொண்டை கிழிய வைதாலும் அச்சட்டத்தின்படி அவன் நிரபராதி! இந்த விபரீதத்தைத் திருத்தப் பார்லிமெண்டு 1999 வரை அவகாசம் எடுத்துக்கொண்டது. சர்க்காருக்கும் சங்கங்களுக்கும் முன்னோடிப் பட்டம் சூட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.