ஒரு கப்பல், மூன்று பெயர்கள்

(நமது குடியிருப்பின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில், சி பிளாக்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் பேசியதன் எழுத்து வடிவம்.)

போன முறை மாடித் தோட்டம் பற்றி மிக அருமையாகப் பேசினார்கள். அதற்குப் பிறகு நான் வந்து கப்பலைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. செயலாளர் சார் விடவில்லை. "கடல்ல முப்பது வருஷம் இருந்தீங்க, ஒரு அரை மணி நேரம் பேச முடியாதா?" என்று கேட்டுவிட்டார். பின்னால் சுண்டல் வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். அது ஆறுவதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

நான் வேலை பார்த்தது எல்லாம் சரக்குக் கப்பல்கள், அதிலும் என்ஜின் ரூம். இன்றைக்குச் சொல்லப்போவது நான் கால் வைக்காத ஒரு பயணிகள் கப்பலின் கதை. ஆனால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கப்பல். பிறந்தபோது அதற்கு 'ஃபிரான்ஸ்' என்று பெயர். நடுவில் 'நார்வே'. கடைசியில் 'புளூ லேடி'. அது போய்ச் சேர்ந்த இடம் நம் நாட்டில், குஜராத்தில்.

பிரான்சின் மேற்குக் கரையில் சேன் நசேர் என்ற ஊரில் அதைக் கட்டினார்கள். 1960 மே மாதம் கடலில் இறக்கியபோது அதிபர் தெ கோல் வந்திருந்தார். பெயர் சூட்டியவர் அவருடைய மனைவி. நீளம் 316 மீட்டர். நம் மெயின் கேட்டிலிருந்து ஏ பிளாக் கடைசி வரை நடந்தால் 150 மீட்டர் இருக்கும். அதில் இரண்டு மடங்குக்கும் மேல். 2004இல் குயின் மேரி 2 வரும் வரை உலகத்திலேயே நீளமான பயணிகள் கப்பல் அதுதான். 1962 பிப்ரவரியில் முதல் முறையாக லெ ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து நியூயார்க் போனது. அதே ஆண்டு டிசம்பரில் மோனா லிசா ஓவியத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனதும் இந்தக் கப்பல்தான். முதல் வகுப்பு அறையில், காவலோடு.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்குக் கப்பலில் தீ என்றால் கிலி. 1932இல் ஜார்ஜ் ஃபிலிப்பார் ஏடன் வளைகுடாவில் எரிந்தது. அடுத்த ஆண்டு லத்லாந்திக். 1939இல் பாரிஸ். 1942இல் நியூயார்க்கில் கட்டிப் போட்டிருந்த நார்மண்டி. பத்து வருடத்தில் நாலு பெரிய கப்பல்கள். அதனால் இந்தப் புதுக் கப்பலில் எரியக்கூடிய பொருளே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். சுவர்த் தடுப்பு, குழாய்களுக்கு மேல் உறை, பாய்லரைச் சுற்றி என்று எங்கெங்கும் ஆஸ்பெஸ்டாஸ். யாரும் ஏமாற்றி வைக்கவில்லை. உயிரைக் காப்பாற்ற, அன்றைய அறிவுக்கு எட்டிய நல்ல பொருள் என்று நினைத்துத்தான் வைத்தார்கள்.

நமக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரை ஷீட்தான் ஞாபகம் வரும். சிமெண்டோடு கலந்து இறுகிக் கிடக்கும் வரை அதனால் பெரிய தொந்தரவு இல்லை. அறுக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கிற நார்த் தூசிதான் நுரையீரலுக்கு எமன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் ஓடத் தொடங்கிய காலம் சரியில்லை. ஜெட் விமானம் ஏழெட்டு மணி நேரத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டுகிறது, இது ஐந்து நாள் எடுக்கிறது. அரசு மானியத்தில்தான் ஓடியது. 1973இல் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காக ஏறியதும், 1974இல் மானியத்தை நிறுத்துகிறோம் என்று அரசு சொல்லிவிட்டது. கான்கார்டு விமானத்துக்குக் காசு வேண்டும். ஊழியர்கள் விடவில்லை. செப்டம்பரில் லெ ஹாவ்ர் துறைமுக வாயிலிலேயே கப்பலைக் கைப்பற்றி, பயணிகளைக் கரைக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மூலையில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. மிஷேல் சார்து என்ற பாடகர் 1975இல் கப்பலே பேசுவது போல ஒரு பாட்டுப் பாட, அது நாடு முழுக்க ஒலித்தது. பாட்டால் கப்பல் ஓடாதே!

1977இல் அக்ரம் ஓஜே என்ற சவூதி தொழிலதிபர் வாங்கினார். மிதக்கும் அருங்காட்சியகம், சூதாட்ட விடுதி என்று பெரிய திட்டம். உள்ளே வைப்பதற்குப் பழைய பிரெஞ்சு மர நாற்காலி, மேசை எல்லாம்கூட வாங்கினார். ஒன்றும் கைகூடவில்லை. 1979இல் நார்வேக்காரரான க்னுட் குளோஸ்டரின் கம்பெனிக்கு 1.8 கோடி டாலருக்குக் கைமாறியது.

குளோஸ்டர் கெட்டிக்காரர். ஜெர்மனியில் பிரெமர்ஹாஃபனுக்கு இழுத்துப்போய், முன் என்ஜின் ரூமை மூடினார். எட்டு பாய்லர்களில் நாலு போதும், நாலு புரொப்பல்லரில் இரண்டு போதும். அட்லாண்டிக்கில் அவசரமாக ஓட வேண்டியதில்லை, கரீபியன் தீவுகளைச் சுற்றிக் காட்டினால் போதும். சின்னத் துறைமுகங்களுக்குள் நுழைய முடியாத ஆழம் என்பதால், ஆட்களைக் கரை சேர்க்க இரண்டு பெரிய படகுகளை முன்தளத்திலேயே தூக்கி வைத்தார். 1980இல் 'நார்வே' என்ற பெயரோடு மயாமிக்கு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 1990இல் மேலே இன்னும் இரண்டு தளம் கட்டினார்கள். நம்மைப் போல எஃப்.எஸ்.ஐ. தொல்லை எல்லாம் அங்கே இல்லை போலிருக்கிறது!

இப்போது என் பகுதிக்கு வருகிறேன். பாய்லர்.

அந்தப் பாய்லர்கள் நெடுந்தூர ஓட்டத்துக்காகச் செய்தவை. ஒரு முறை பற்ற வைத்தால் ஐந்து நாள் ஒரே சூட்டில் நிற்கும். இரும்புக்கு அது பழகிய நிலை. சொகுசுப் பயணம் என்று வந்தபின், இன்றைக்கு ஒரு தீவு, நாளைக்கு ஒரு தீவு. அணை, பற்றவை, அணை, பற்றவை. இரும்பு விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, உள்ளுக்குள் மயிரிழை போலக் கீறல் விழும். அதோடு பாய்லர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் சரியாக நீக்காவிட்டால் உட்புறம் அம்மைத் தழும்பு மாதிரி அரிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும்.

2003 மே 25, ஞாயிற்றுக்கிழமை. விடிகாலையில் கப்பல் மயாமியில் வந்து நின்றது. காலை ஆறரை மணிக்குக் கொஞ்சம் மேல், ஒரு பாய்லரின் அடிப்பாகம் பிளந்தது. உள்ளே அழுத்தத்தில் இருந்த வெந்நீர் அத்தனையும் ஒரே நொடியில் நீராவியாகிப் பாய்ந்தது. எட்டு ஊழியர்கள் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் இருந்தார்கள், அவர்களில் ஒருவரும் சாகவில்லை. செத்தவர்கள் எல்லாரும் பயணிகள் கண்ணில் படாமல் கீழே வேலை செய்தவர்கள். அமெரிக்க விசாரணை வாரியம், இயக்கியதிலும் பராமரித்ததிலும் ஆய்வு செய்ததிலும் இருந்த குறைபாடுகளால்தான் கீறல்கள் வளர்ந்து பாய்லர் பலமிழந்தது என்று சொன்னது. 2008இல் கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தனி.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்லிவிடுகிறேன், இத்தனை நாள் வீட்டில்கூடச் சொன்னதில்லை. நான் ஜூனியர் என்ஜினியராக இருந்தபோது, தினமும் பாய்லர் தண்ணீரைப் பரிசோதித்து லாக் புத்தகத்தில் எண் எழுத வேண்டும். கடல் கொந்தளிப்பு, வாந்தி, தூக்கம் இல்லை. மூன்று நாட்கள் நான் பரிசோதிக்கவே இல்லை. முந்தைய நாள் எண்ணில் கடைசி இலக்கத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கப்பலும் பிறகு விற்கப்பட்டுப் பெயர் மாறியது. வாங்கியவர் கையில் போன புத்தகத்தில் என் மூன்று பொய்யும் இருந்தன. நம் ஜெனரேட்டர் கோப்பை நான் ஏன் அவ்வளவு குடைகிறேன் என்று கமிட்டியில் சிலருக்கு எரிச்சல். காரணம் இதுதான்.

சரி, வெடித்த பிறகு? 2000த்திலேயே அந்தக் கம்பெனி மலேசியாவின் ஸ்டார் குரூஸ் கைக்குப் போயிருந்தது. கப்பலை மறுபடி பிரெமர்ஹாஃபனுக்கு இழுத்துப்போய் இரண்டு வருடம் நிறுத்தினார்கள். ஆபத்தான கழிவைப் பணக்கார நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்குத் தள்ளக் கூடாது என்று பாசல் உடன்படிக்கை இருக்கிறது. உடைப்பதற்காக என்றால் ஜெர்மனியிலிருந்து வெளியே விட மாட்டார்கள். ஆசியாவில் பழுது பார்த்து மறுபடி ஓட்டப் போகிறோம் என்றுதான் 2005இல் கிளம்பியது. மலேசியாவில் போர்ட் கிளாங்கில் கிடந்தது. பிறகு லைபீரியாவில் பதிவான ஒரு கம்பெனிக்கு விற்பனை. பெயர் 'புளூ லேடி'. அடுத்து உடைப்பவர்களுக்கு விற்பனை.

பெயரையும் கொடியையும் மாற்றுவது கப்பலில் ரொம்பச் சுலபம். வண்டிக்குச் சேஸிஸ் நம்பர் மாதிரி ஏழு இலக்க எண் ஒன்றுதான் கடைசி வரை மாறாது.

2006 பிப்ரவரியில் வங்கதேசம் இந்தக் கப்பலை உள்ளே விட முடியாது என்றது. அதே மாதம் இன்னொன்று நடந்தது. க்ளெமான்சோ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல், அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் உள்ளதுதான், அலங்குக்கு வந்துகொண்டிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதிபர் சிராக் திருப்பி அழைத்துக்கொண்டார். பிறகு அதை இங்கிலாந்தில் முறைப்படி உடைத்தார்கள். போர்க்கப்பல் அரசின் சொத்து, கூப்பிட்டதும் திரும்பியது. நாட்டின் பெயரையே சுமந்த மற்றதை 1977இலேயே விற்றாயிற்று. யார் கூப்பிடுவார்கள்?

நம் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. மழைக்காலம், என்ஜின் செத்த கப்பல், ஊழியர்கள் கடலில் தவிக்கிறார்கள் என்று 2006 ஜூனில் மனிதாபிமான அடிப்படையில் இந்திய நீர்ப்பரப்புக்குள் வர அனுமதித்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று அலங்கில் கரையேற்றினார்கள். அங்கே அலை ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பத்து மீட்டர் அளவு வித்தியாசம். ஏற்றத்தில் கப்பலைக் கொண்டுவந்து மோதவிட்டால், இறக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிடும். திரும்பிப் போக வழியில்லை. 2007 செப்டம்பரில் உடைக்கவும் அனுமதி கிடைத்தது. 41,000 டன் இரும்பு கிடைக்கும், 700 பேருக்கு வேலை கிடைக்கும் என்பதையும் தீர்ப்பில் எடைபோட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பொருள் ஆயிரம் டன்னுக்கும் மேல் இருந்தது. எடுப்பதற்கு நிபந்தனைகள் விதித்தார்கள்.

அந்த 700 பேரைச் சும்மா தள்ளிவிட்டு நான் பேச முடியாது. அலங்கில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசத்திலிருந்து வருகிறவர்கள். வேலை இல்லை என்றால் அடுப்பு எரியாது. தீர்ப்பு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சேன் நசேரில் வைத்ததை எடுக்கும் செலவு, வாங்கி வாங்கி விற்ற எவர் கணக்கிலும் வரவில்லை. விலையில் ஒவ்வொருவரும் அதைக் கழித்துக்கொண்டு கைகழுவினார்கள்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. எந்த ஆபத்தான பொருள் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் ஒவ்வொரு கப்பலிலும் இருக்க வேண்டும் என்கிற ஹாங்காங் உடன்படிக்கை 2009இல் ஏற்கப்பட்டு, 2025 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. நம் நாடும் 2019இல் தனிச் சட்டம் போட்டிருக்கிறது.

2008 முடிவதற்குள் கப்பல் ஏறக்குறைய காணாமல் போனது. முன்மூக்கு நுனியை மட்டும் அறுத்து எடுத்துப்போய் 2009இல் பாரிசில் ஏலம் விட்டார்கள். அது ஊர் ஊராகச் சுற்றி 2018இல் லெ ஹாவ்ருக்கே வந்து சேர்ந்தது. இப்போது துறைமுகத்துக்குப் போகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

முன்வரிசையில் மாமி ஏற்கெனவே கேட்டார்கள், அலங்கில் அந்த வேலை செய்தவர்களுக்கு ஏதாவது ஆயிற்றா என்று. ஆஸ்பெஸ்டாஸ் நோய் உடனே தெரியாது மாமி. இருபது, முப்பது, நாற்பது வருடம்கூட ஆகும். 2008இல் இருபத்தைந்து வயதில் அந்தச் சுவர்களைப் பெயர்த்த ஒருவருக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறாரோ, இருமினால் எந்த டாக்டரிடம் காட்டுவாரோ, அந்த டாக்டரிடம் தான் உடைத்த கப்பலின் எந்தப் பெயரைச் சொல்வாரோ.

வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள். இல்லை என்றால் செயலாளர் சார் சுண்டலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.